சோறு நெஞ்சில் நின்றால்

"சோறு நெஞ்சிலேயே நிக்குது" என்று யாராவது வாரக்கணக்கில் சொன்னால், இன்னொரு கேஸ் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். எங்கள் சித்திக்கு அப்படித்தான் நாள் கடந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, நெஞ்சை நிமிர்த்தி இறக்குவார். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது புளிப்புகூட இல்லாமல் அப்படியே வாய்க்கு வரும். எண்டோஸ்கோப்பியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் உணவுக்குழாய் மேலே விரிந்து, கீழே பறவை அலகு மாதிரி கூம்பியிருந்தது தெரிந்தது. உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனை உறுதி செய்தது: அக்கலேசியா. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையத்தைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால், விழுங்கும்போது அது சரியாகத் திறப்பதில்லை.

சிகிச்சை நன்றாகவே இருக்கிறது. பலூன் வைத்து விரிக்கலாம். 1913-இல் ஜெர்மனியில் ஹெல்லர் என்ற மருத்துவர் செய்த தசைவெட்டு அறுவையை ஒட்டித்தான் இன்றும் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாக, செய்கிறார்கள். ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் 2008-இல் தொடங்கிய போயம் (POEM) முறையில் வெளியே தழும்பே கிடையாது. வாய்வழியாகப் போய் உள்ளேயே தசையை வெட்டுகிறார்கள். அப்புறம் சிலருக்கு எதுக்களிப்பு வரும், அதற்கு மாத்திரை உண்டு.

விழுங்கக் கஷ்டம், எடையும் குறைகிறதா? முதலில் எண்டோஸ்கோப்பி எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். அது சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், மேனோமெட்ரி செய்யும் இடமாகக் கேட்டுப் போங்கள்.