தானாகத் தண்ணீர் குடிக்கும் தட்டும் நான் கொன்ற நாற்றுகளும்

“தண்ணி ஊத்திட்டு ஊருக்குப் போங்க சார், வந்து பாத்தா நாத்து நிக்கும்” என்று சொல்லித்தான் கடையில் அந்தத் தானாகத் தண்ணீர் குடிக்கும் நாற்றுத்தட்டு செட்டை என் தலையில் கட்டினார்கள். ஊருக்குப் போனேன், வந்தேன், பார்த்தேன். 24 குழியில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

தாம்பரம் பக்கம் மொட்டைமாடியில் 8 வருடமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கத் திருநெல்வேலி போய் நாலைந்து நாள் தங்கிவிட்டு வருவதற்குள் சின்ன நாற்றெல்லாம் கருகிவிடும். குழித்தட்டில் ஒரு குழி பிடிக்கிற ஈரம் சென்னை வெயிலுக்கு ஒரு பகல்கூடத் தாங்காது. அதனால்தான் இந்த அடிநீர் முறைக்கு ஆசைப்பட்டேன். அடியில் 5 லிட்டர் தொட்டி, அதன்மேல் ஒரு மேடை, மேடையில் விரித்த கம்பளி மாதிரித் துணி. துணியின் ஒரு முனை நாக்குபோலத் தொட்டிக்குள் தொங்கும். குழித்தட்டு துணிமேல் உட்காரும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலத் துணி தண்ணீரை இழுக்க, குழியில் நிரப்பிய கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், அடித்துளை வழியாகக் குடித்துக்கொள்ளும். தண்ணீரில் உரத்தைக் கரைத்துவிட்டால் சாப்பாடும் கூடவே போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை ஆடிப்பெருக்கு அன்று தக்காளி விதைத்தேன். ஊரிலிருந்து வந்து பார்த்தால் துணி சொதசொதவென்று இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் அப்படியே இருக்கிறது, தட்டின் மேலே மட்டும் வறட்சி. ஒரு குழியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் ஒரு விரற்கடைக்கு ஈரம், அதற்குமேல் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. விதை போட்டபடியே கிடந்தது.

தப்பு என்னுடையதுதான். நன்றாகக் காய்ந்த கோகோபீட் லேசில் தண்ணீரை ஏற்றுக்கொள்ளாது. முதலில் அதை ஊறவைத்து, கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழுகிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழியில் நிரப்ப வேண்டும். நிரப்பும்போது அடித்துளைக்குள்ளும் விரலால் அழுத்திவிட வேண்டும். துளைக்கும் துணிக்கும் நடுவே ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். விதைத்ததும் ஒரே ஒரு முறை மேலிருந்து பூவாளியால் ஊற்றிவிடுங்கள். அடியில் வரும் ஈரமும் மேலே உள்ள ஈரமும் கைகோத்துக்கொண்டால் அதன்பிறகு அது பாட்டுக்கு இழுக்கும். செட்டோடு வந்த தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

போனில் அம்மாவிடம் புலம்பினேன். “எய்யா, விதைய மண்ணுல போட்டா மொளைக்கும். தொட்டியில எதுக்குப் போடுத?” என்றார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை வீம்புக்கு எல்லாவற்றையும் அதிகமாகச் செய்தேன். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மேலே பாலிதீன் போர்த்தி, நிழலில் வைத்தேன். தக்காளி ஆறாம் நாளே முளைத்துவிட்டது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பத்தாம் நாள் காலையில் ஒரு மூலையில் நான்கு நாற்று சாய்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருக்கிறது. தண்டு மட்டும் கோகோபீட்டைத் தொடும் இடத்தில் பழுப்பேறி, நூல்போல இளைத்து, நீர் கோத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அரைத்தட்டு காலி, மறுநாள் மீதியும் போனது. நாற்றழுகல். காற்றோட்டம் இல்லாமல் எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

அந்த வாரமே கொசுப்புழு பார்க்க வரும் அம்மா மாடிக்கு வந்தார். தொட்டியில் தண்ணீர் ஊற்றும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சார், மீன் வளர்க்கறீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப இதெல்லாம் என்ன?” உள்ளே நூறு புழு நெளிந்துகொண்டிருந்தது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் மூன்று வாரமாக அந்தத் தண்ணீரை மாற்றவே இல்லை. அபராதம் போடாமல் விட்டுவிட்டுப் போனது அவருடைய பெருந்தன்மை. இப்போது அந்த வாயில் கொசுவலைத் துணியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தும் விடுகிறேன். பாசி பிடிக்காமலிருக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டேன்.

மூன்றாவது தோல்விதான் இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அதில் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றினேன். சிக்கனம் பாருங்கள். போதாததற்குக் கடையில் கொடுத்த, தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தையும், அவர்கள் சொன்னபடி முதல் நாளிலிருந்தே கரைத்தேன். முளைப்பதெல்லாம் முளைத்தது. இரண்டு வாரத்தில் இலை நுனி பழுப்பாகி, கோகோபீட்மேல் வெள்ளையாக ஒரு ஏடு படிந்தது. பூஞ்சை என்று நினைத்து நகத்தால் சுரண்டி, அசட்டுத் துணிச்சலில் நாக்கில் வைத்தேன். உப்பு.

மேலிருந்து ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பு அடித்துளை வழியாகக் கழுவிக்கொண்டு போய்விடும். அடிநீர் முறையில் தண்ணீர் மேல்நோக்கி மட்டுமே போகிறது. மேலே போய் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆர்ஓ கழிவுநீரோ உப்பைத் திரட்டி வைத்த தண்ணீர். அதோடு உரமும் உப்புதான். கழுவாத கோகோபீட்டாக இருந்தால் அதன் பங்குக்கு அதிலும் உப்பு இருக்கும். பிஞ்சு வேர் எத்தனையைத்தான் தாங்கும்?

நான்காவது தடவை கத்திரி. அதற்குக் கோகோபீட்டை மூன்று முறை கழுவிப் பிழிந்தேன். நான்கு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தேன். நாற்றழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியின் பொடியை விதையில் புரட்டி விதைநேர்த்தி செய்தேன். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, நம் 24 விதைக்கு அது ஒரு சிட்டிகைகூட வராது. தொட்டிக்கு மழைத்தண்ணீர், அது இல்லாத நாளில் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர். பாதிக்குமேல் நிரப்புவதில்லை. முளை தலைகாட்டியதும் மூடியை எடுத்துக் காலை வெயிலில் வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டைத் துணியிலிருந்து தூக்கி, இரவு முழுக்கச் செங்கல்மேல் வைத்துவிடுவேன். வேருக்குக் காற்று கிடைக்க வேண்டுமே. தானாக நடக்கும் என்று வாங்கிய சாமானுக்கு இவ்வளவு வேலையா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

உரத்தை முதல் இரண்டு விதையிலைகள் இருக்கும்வரை தொடவே இல்லை. நிஜ இலை இரண்டு வந்தபிறகு லிட்டருக்கு கால் கிராம், அதுவும் ஒரு வாரம் உரத்தண்ணீர், மறுவாரம் வெறும் தண்ணீர். பத்து நாளுக்கு ஒருமுறை மேலிருந்து ஊற்றி உப்பைக் கழுவிவிட்டேன்.

புரட்டாசியில் 5 நாள் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். கத்திரி 19 நின்றது. தொட்டியில் இன்னும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் பாக்கி.

நடும்போது மட்டும் இன்னொரு சோதனை. தட்டைத் தூக்கினால் துணியும் சேர்ந்து வருகிறது. வேரெல்லாம் துளை வழியே இறங்கித் துணிக்குள் பின்னிக்கொண்டிருந்தது. பிய்த்ததில் 3 நாற்றுக்குப் பாதி வேர் போய்விட்டது. நான்காவது இலை வந்ததுமே எடுத்து நட்டிருக்க வேண்டும். அல்லது துணிமேல் ஒரு பழைய மெல்லிய பருத்தித் துணியை விரித்திருந்தால் அதோடு வெட்டி எடுத்திருக்கலாம்.

போன வாரம் அந்தக் கொசுப்புழு அம்மா மறுபடி வந்தார். வலையை விலக்கி டார்ச் அடித்தார், ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த நாற்றைப் பார்த்து, “ரெண்டு தருவீங்களா சார்?” என்றார். காகிதக் கோப்பையில் வைத்துக் கொடுத்தேன். வீட்டில் இன்னொரு செட் சும்மாதான் கிடக்கிறது, அதையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

“ஐயோ, நாத்து போதும் சார்” என்று படியிறங்கிவிட்டார்.