சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு ஒரு பேடாக் ஸ்டாண்டு

என்னிடம் இருப்பது 2016 மாடல் கேடிஎம் டியூக் 200 பைக். சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைலன்சர் இன்ஜினுக்கு அடியிலேயே இருப்பதால் ஜாக்கி கொடுத்துத் தூக்கவும் வழியில்லை. செயினைத் துடைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் துடைத்து, வண்டியை அரை அடி தள்ளி, மறுபடி குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து மறுபக்கம் செங்கல்லை முட்டுக்கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்குகிறவர்கள் உண்டு. கிட்டத்தட்ட 140 கிலோ வண்டியை ஒரு செங்கல்லை நம்பி நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டான பேடாக் ஸ்டாண்டு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கடையில் முதலில் எடுத்துப் போட்டது எல் வடிவக் கொக்கி வைத்தது. ரப்பர் ஒட்டிய இரண்டு தட்டுகள், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சட்டமான ஸ்விங்ஆர்முக்கு அடியில் போய் உட்காரும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றார் கடைக்காரர். பொருந்தும்தான், ஆனால் எதையும் கவ்விப் பிடிக்காது. வண்டியின் எடைதான் அதை இடத்தில் வைத்திருக்கிறது. ஒரு பக்கம் அரை அங்குலம் முன்னே பின்னே உட்கார்ந்தாலும் தூக்கும்போது வண்டி கோணும். பிரேக் ஹோஸ் போகும் இடத்தில் தட்டு பட்டால் அது வேறு நசுங்கும். ஸ்விங்ஆர்மில் மரை ஓட்டை இல்லாத வண்டிக்காரர்களுக்கு இதை விட்டால் வழியில்லை, கவனமாகப் பயன்படுத்தலாம்.

டியூக்கில் ஸ்விங்ஆர்மின் இரு பக்கமும் 10 மி.மீ மரை ஓட்டை கம்பெனியிலிருந்தே வருகிறது. அதில் பாபின் என்கிற, நடுவில் பள்ளம் விழுந்த சிறு உருளையை போல்ட் போட்டு மாட்டிவிட்டால் ஸ்டாண்டின் வி வடிவக் கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். பக்கவாட்டில் நழுவ இடமே இல்லை. இந்த ஓட்டையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். யமஹாவில் பெரும்பாலும் 6 மி.மீ, வேறு பலவற்றில் 8. அளக்காமல் பாபின் வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும்.

நான் பாபினைக் கடையில் வாங்கவில்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு லேத்துக்குப் பஞ்சமா? கணபதி பகுதியில் தெரிந்த பட்டறையில் நைலான் ராடைக் கடைந்து கொடுத்தார்கள். பட்டறைக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வியே போல்ட்டைப் பற்றித்தான்: "நீளத்தைச் சரியா அளந்துட்டு வாங்கண்ணா. உள்ள துருத்திட்டு நின்னா செயின்ல போய் இடிக்கும்." தலையில் 8.8 என்று வலிமைக் குறி பொறித்த போல்ட்டைத் தேடி வாங்கினேன். சாதா போல்ட்டை நம்பி இதில் இறங்கக் கூடாது.

ஸ்டாண்டில் நான் பார்த்தது மூன்று விஷயம். மூட்டுகளில் வெல்டிங் முழுச் சுற்றும் ஓடியிருக்கிறதா, அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா, அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் குழாயில் லாக் போல்ட் இருக்கிறதா. பெயிண்டும் ஸ்டிக்கரும் எப்படி இருந்தால் என்ன.

அடுத்தது தரை. நம் வீட்டு போர்டிகோ எல்லாமே தண்ணீர் ஓடுவதற்காக கேட்டுப் பக்கம் வாட்டம் வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தால் குட்டு வெளிப்படும். முன்சக்கரம் சரிவைப் பார்த்து நின்றால் வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடலாம். அதனால் படிக்கட்டுக்கு அடியில் சமமாக இருந்த இடத்துக்கு வண்டியை மாற்றினேன். அங்கே வெளிச்சம் குறைவு, பரவாயில்லை, ஒரு எல்இடி பல்பு போட்டாயிற்று.

தூக்கும் முறைக்கு வருகிறேன். வண்டி நியூட்ரலில், ஹேண்டில்பார் நேராக, சைடு ஸ்டாண்டு இறக்கியபடியே இருக்கட்டும். இடது கையால் பின்னாலிருக்கும் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்த வேண்டும். வலது கையால் ஸ்டாண்டை நகர்த்தி இரண்டு பாபினும் கொக்கியில் விழுந்ததைக் குனிந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் அழுத்தவே கூடாது. பிறகு ஸ்டாண்டுக் கைப்பிடியை நேர் கீழாக அழுத்தினால் போதும், இழுக்க வேண்டியதில்லை. தூக்கும்போது வண்டி சற்று நகர்ந்து கொடுக்கும். அதனால் முன்பிரேக்கை அப்போது கட்டி வைக்கக் கூடாது. நின்ற பிறகு பழைய சைக்கிள் டியூப் பட்டையால் பிரேக் லீவரைக் கட்டிவிடுகிறேன், இறக்கும் முன் அவிழ்க்கிறேன். கை பழகும்வரை ஹேண்டில்பாரைப் பிடிக்க மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

ஆக்சில் நட்டைக் கழற்றுவதாக இருந்தால் வண்டி தரையில் இருக்கும்போதே முதல் இறுக்கத்தை உடைத்துவிட வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு நீள ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் வண்டியும் சேர்ந்து ஆடும்.

செயின் தளர்வு அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் கீழே தொங்கும், ஷாக் அப்சார்பர் நீண்டுவிடும். பேடாக் ஸ்டாண்டு ஸ்விங்ஆர்மையே தாங்குவதால் வண்டியின் எடை ஷாக் மேல் இருந்தபடியே இருக்கும். ஆகவே இரண்டிலும் அளவு ஒன்றாக வராது. உங்கள் வண்டியின் கையேடு எந்த நிலையில் அளக்கச் சொல்கிறதோ அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிச் செயின் எந்த இடத்தில் மிக இறுக்கமாக நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கே அளப்பது நல்லது. தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

இன்னொன்று. சக்கரம் சும்மா சுற்றுகிறதே என்று இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டு, துணியைச் செயினில் பிடிக்கும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடமே இருக்கிறது. துணி, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குள் போனால் விரலும் கூடவே போகும். இன்ஜின் ஆஃப், சாவி சட்டைப் பையில், சக்கரத்தைக் கையால் சுற்று. இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது யாரும் ஏறி உட்காரவும் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலை முடியும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

முன்பக்க ஸ்டாண்டு இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. அதைப் போடுவதற்கு முன் பின்பக்கம் ஸ்டாண்டில் நின்றாக வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு அடியில் தாங்கும் வகையை வைத்து ஃபோர்க்கைக் கழற்றவும் முடியாது, அதற்கு ஸ்டீயரிங் தண்டின் அடியில் தாங்கும் வகை வேண்டும். பிரேக் பேடு மாற்ற முன்சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. டயர் மாற்றக் கடைக்குத்தான் போகப் போகிறேன்.