எந்த நோட்ஸ்?

குறிப்பெடுக்கும் ஏஐ பாட், அழைத்தவர் வெளியேறிய பிறகும் மீட்டிங்கிலேயே உட்கார்ந்திருக்கும் என்பது இப்போது எங்கள் டீமில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியாது. மீட்டிங் முடிந்து எல்லாரும் கிளம்பிய பின் இரண்டு பேர் மட்டும் லைனில் இருந்து பேசியிருக்கிறார்கள். பாட்டும் இருந்திருக்கிறது. பேசியது எல்லாவற்றையும் தொகுத்து, அழைப்பில் பெயர் இருந்த அத்தனை பேருக்கும் மெயிலில் லிங்க் அனுப்பிவிட்டது.

மறுநாள் காலையில் என் பங்கு வேலை என்ன என்று பார்க்கத்தான் திறந்தேன். ‘செய்ய வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழே ரிலீஸ் சம்பந்தமாக மூன்று வரிகள். நான்காவது வரி: ஸ்கேன் ரிசல்ட் வாங்குவது. பொறுப்பு என்ற இடத்தில் ஒரு சகாவின் பெயர். கெடு, வியாழக்கிழமை.

எந்த ஸ்கேன் என்று மேலே போய்ப் பார்த்தேன். மீதியை இங்கே எழுதப் போவதில்லை. புரிந்த உடனே மூடிவிட்டேன். ஆனால் புரிவதற்கு அரைப் பக்கமாவது படிக்க வேண்டியிருந்ததே.

மதியம் அவர் என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்: “நேத்து மீட்டிங் நோட்ஸ் பார்த்தீங்களா?”

“இல்லையே, எந்த நோட்ஸ்?” என்றேன்.

“ஒண்ணுமில்லை, விடுங்க.”

பேச்சு அவ்வளவுதான். ‘இல்லை’ என்பதோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு நாள் இதை மென்றுகொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அந்த ‘எந்த நோட்ஸ்?’ கொஞ்சம் அதிகப்படி. புருவத்தை வேறு உயர்த்தினேன்.

அது பொய்தான். ஆனால் தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த அறையில் பேசுவது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்போம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் அழுதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். அவருக்கும் தெரியும், நமக்குக் கேட்டது என்று. கேட்கவில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டது போல நடந்துகொள்கிறோம். கண்டும் காணாமல் இருப்பது ஒரு மரியாதை. அதைத்தான் செய்தேன்.

பாதுகாப்பு டீமில் இருக்கும் நண்பர் இதை ஏற்கவில்லை. “காலையிலயே சொல்லியிருந்தா லிங்க்கை மூடியிருப்பாங்க. மதியத்துக்குள்ள இன்னும் எத்தனை பேர் திறந்தாங்களோ” என்றார். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டப்படி தனிநபர் தகவல் கசிந்தது தெரிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதையும் நினைவுபடுத்தினார். சரி, அது நிறுவனத்துக்கான விதி. தற்செயலாகப் பார்த்துவிட்டவன் எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. “உங்க ஸ்கேன் விஷயம் எல்லாருக்கும் போயிடுச்சு” என்று எப்படி ஆரம்பிப்பது? நானே அந்த வரியை அழித்திருக்கலாம், திருத்தும் உரிமை இருந்தது. ஆனால் யார் எதை எப்போது அழித்தார் என்பது திருத்த வரலாற்றில் அப்படியே நிற்கும். உதவி செய்தாலும் தடயம்தான்.

இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடி ஓரளவு சமாதானமாகியிருந்தேன். அப்புறம் வேறொரு ஆவணத்தில் வேலை செய்யும்போது, யார் யார் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று காட்டும் பட்டியலை ஒருவர் காண்பித்தார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பழைய நோட்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பகுதியை அவர் எப்போதோ நீக்கிவிட்டிருந்தார். பட்டியல் மட்டும் இருந்தது. என் பெயர், தேதி, காலை நேரம்.

கேட்பதற்கு முன்பே அவர் இதைப் பார்த்திருந்தாரா? அப்படியானால் என்னைச் சோதித்தாரா? அல்லது, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போ என்று எனக்கு ஒரு வழி விட்டாரா? இரண்டாவதுதான் என்றால் எங்கள் இருவரில் நாகரிகமாக நடந்துகொண்டவர் அவர். பட்டியல் இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று நிஜம் போலத் தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் ‘படித்தாயிற்று’ என்று காட்டுவதை ஒரு வசதியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தபோது பலரும் கோபப்பட்டார்கள். சில நாட்களிலேயே அதை அணைக்கும் வசதி தரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள், பிறர் படித்ததும் உனக்குத் தெரியாது என்ற நிபந்தனையோடு. குரூப்பில் அதற்கும் வழியில்லை. மீட்டிங்கில் யாருடைய கவனம் வேறு திரைக்குப் போனது என்று காட்டும் வசதி ஜூமில் இருந்தது. கண்டனம் வலுத்ததும் 2020 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் உருவாக்குகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். நானே ஒரு புராடக்டில் ‘பார்த்தவர்கள்’ என்ற பட்டனுக்கு ஓகே சொல்லியிருக்கிறேன். பார்க்காத மாதிரி இருக்க நினைப்பவனை அப்போது யாரும் யோசிக்கவில்லை. அவனுக்கென்று என்ன டிசைன் செய்வது என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பார்வை வரலாற்றை அணைக்க என் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. அணைத்தேன். பத்துப் பேர் இருக்கும் பட்டியலில் என் பெயர் மட்டும் இல்லாவிட்டால் அதுவும் ஒரு செய்தியாகிவிடுமே என்று திரும்பப் போட்டுவிட்டேன்.

போன மாதம் பாட்டின் சந்தாவைத் தொடரலாமா என்று டீமில் கேட்டார்கள். தொடரலாம் என்றேன். குறிப்பெடுப்பது சலிப்பான வேலை, அது இல்லையென்றால் என் தலையில்தான் விழும். அவரும் ஆட்சேபிக்கவில்லை. கடைசி ஆள் கிளம்பியதும் பாட் தானாக வெளியேற வேண்டும் என்று மட்டும் கேட்டார். இரண்டு பேர் மட்டும் மிஞ்சும்போதே போய்விட்டால் நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று நிறுத்திக்கொண்டேன்.