முதலில் எடுத்திருக்க வேண்டிய பரிசோதனை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்து ஆலையில் பாய்லர் பகுதியில் பத்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். மனைவி டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். திருமணமாகி ஐந்து ஆண்டுகளாகிவிட்டன. பிள்ளைக்காகக் காத்திருந்து அதில் முதல் மூன்று ஆண்டுகளை நாங்கள் எப்படி வீணாக்கினோம் என்பதை என் வயதுள்ள ஆண்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஓராண்டு கழிந்ததுமே கேள்விகள் தொடங்கிவிட்டன. கோவில் திருவிழாவில், வளைகாப்பில், சாவு வீட்டில்கூட. கேள்வி எப்போதும் அவளிடம்தான். அம்மா வேண்டுதல் வைத்தார், யாரோ சொன்ன கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுத்தார். ஒரு தனியார் கிளினிக்கில் மாதாமாதம் அவளுக்கு மாத்திரை எழுதினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்க மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த நாளில் அவள் வலி தாளாமல் காரின் பின் இருக்கையில் சுருண்டு படுத்தபடியே வீடு வந்தாள். அடைப்பு இல்லை என்று முடிவு வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் என்னைப் பரிசோதிக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'மலடி' என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அறிவார்கள். 'மலடன்' என்று ஒருவரைச் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு மூத்த தாதிதான் கண்ணைத் திறந்து வைத்தார். மனைவியின் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுடைய ரிப்போர்ட் எங்கே?" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அன்றே ஈப்போ அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் சீனப் பெண் மருத்துவர். மலாயில்தான் பேசினோம். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் ஒன்றாக வர வேண்டும், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வர வேண்டும் என்றார். பெண்ணின் சினைமுட்டைகள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை, 35க்குப் பிறகு அவற்றின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறையும், அதனால்தான் காத்திருக்கக் கூடாது என்று விளக்கினார். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருக்க வேண்டும். மருத்துவமனையிலேயே அதற்கு அறை உண்டு. என்னால் அங்கே முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், புட்டியில் நேரத்தை எழுத வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் காலை 7.50க்குப் புறப்பட்டோம். மனைவி காரை ஓட்டினாள். நான் புட்டியைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கந்தானில் கல் ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். "பயப்படாதீர்கள், நேரத்துக்குப் போய்விடுவோம்" என்றாள். மூன்று ஆண்டுகள் ஊர்ப் பேச்சைத் தனியாகத் தாங்கியவள் அன்று எனக்குத் தைரியம் சொன்னாள். 8.35க்கு ஜன்னலில் புட்டியை நீட்டினேன்.

ஒரு மில்லிலிட்டரில் 50 லட்சம் விந்தணுக்கள், அசைபவை 18 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம், அசைவு 42 விழுக்காடு. ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சில வாரம் கழித்து மீண்டும் எடுத்தார்கள். எண்கள் மாறவில்லை.

பிறகு கேள்விகள். வயதுக்கு வந்த பின் பொன்னுக்கு வீங்கி வந்ததா? சர்க்கரை நோய் உண்டா? விரைப்பகுதியில் அடிபட்டதா, அறுவை நடந்ததா? ஜிம்முக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை டவுன் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தசையைப் பெருக்கும் ஹார்மோன் ஊசிகள் உடம்பு தானாகச் செய்யும் விந்து உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். என்னிடம் இருந்தவை வேறு. பதினெட்டு வயதிலிருந்து நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். பாய்லர் முன் எட்டு மணி நேரச் சூடு. விரைகள் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும், அவை வெளியே தொங்குவதன் காரணமே அதுதான். ஆலைக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் கையுறைகூட இல்லாமல் தோட்டத்தில் மருந்தடித்தேன். டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியா தொழிலாளர்கள் பலருக்கு விந்தணுக்கள் குறைந்தோ அற்றோ போனது 1977இல் தெரியவந்தது. நான் அடித்தது அந்த மருந்து அல்ல, என் குறைக்கு மருந்தடிப்புதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவும் இல்லை. ஆனாலும் இன்று தம்பிமார்கள் வெறும் கையால் மருந்து கலக்குவதைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது.

நிற்க வைத்து, இருமச் சொல்லி, கையால் பார்த்ததில் ஒரு காரணம் அகப்பட்டது. இடது பக்கம் இரத்தக் குழாய்கள் புடைத்துக் கயிற்றுச் சுருள் போலக் கிடந்தன. வெரிகோசீல் என்று பெயர். மாலையில் அங்கே ஒரு பாரம் இழுப்பதை ஆண்டுக்கணக்கில் உணர்ந்திருக்கிறேன், நின்று வேலை செய்வதால் வரும் அலுப்பு என்று விட்டுவிட்டேன். இது அரிய நோயே அல்ல, ஆண்களில் ஏழில் ஒருவருக்கு இருக்கிறதாம். பலருக்கு இதனால் தொல்லை இல்லை, சிலருக்கு அணுக்கள் குறைகின்றன.

அவளிடமும் ஒரு காரணம் இருந்தது. மாதவிலக்கு நாற்பது, ஐம்பது நாள் தள்ளிப்போகும். சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ். முட்டை மாதாமாதம் வெளிப்படுவதில்லை. தைராய்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் சரியாக இருந்தன. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்கான அறிகுறி இல்லை. மூன்று ஆண்டுகள் மாத்திரை தின்றவளுக்கு பிசிஓஎஸ் என்ற பெயரையே அன்றுதான் சொன்னார்கள். எடையில் ஐந்து கிலோ குறைத்தாள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கிறாள்.

வீட்டில் அம்மாவிடம் நானே சொன்னேன். "குறை என்னிடமும் இருக்கிறதம்மா, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள்." அவர் நெடுநேரம் பேசவில்லை. அன்று மாலை தேநீரை ஆற்றி முதலில் அவளுக்குக் கொடுத்தார். "சூடாகக் குடிம்மா" என்றார். அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அறுவை சிறியதுதான், அடிவயிற்றின் ஓரத்தில் இரண்டு விரல் நீளத் தையல். ஓர் இரவு தங்கினேன், இரண்டு வாரம் பாரம் தூக்கவில்லை. சிகரெட்டை விட்டதுதான் அதைவிடக் கடினம். முதல் மாதம் தூக்கமே இல்லை. ஆலையில் கேட்டுப் பாய்லரிலிருந்து லோரி எடை போடும் இடத்துக்கு மாறிக்கொண்டேன், கூடுதல் நேரச் சம்பளம் போனது. ஓர் அணு உருவாக ஏறக்குறைய 70 நாள் ஆகும், அதனால் மூன்று மாதத்துக்கு முன் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆறாம் மாதம் எடுத்ததில் 1 கோடியே 40 லட்சம், அசைவு 35. எல்லைக்குச் சற்றே கீழ். விந்தைச் சுத்தம் செய்து கருப்பையில் செலுத்தும் ஐயுஐ முறையை முயன்று பார்க்க இது போதும் என்றார்கள்.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேமநிதியிலிருந்து, அதாவது கேடபிள்யுஎஸ்பி பணத்திலிருந்து, கருத்தரிப்புச் சிகிச்சைக்கு எடுக்க 2020 முதல் வழி இருக்கிறது. திருமணப் பத்திரமும் மருத்துவரின் கடிதமும் வேண்டும். தோட்டத்தில் பலருக்கு இது தெரியாது.

முதல் ஐயுஐ பலிக்கவில்லை. பதினாறாம் நாள் காலை அவள் குளியலறையிலிருந்து வந்து தலையை மட்டும் அசைத்தாள். அன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது இந்த மாதம். முட்டை வளர உதவும் லெட்ரோசோல் மாத்திரையை அவள் தொடங்கிவிட்டாள், செவ்வாயன்று முட்டையின் அளவு பார்க்க ஸ்கேன்.

முன்பெல்லாம் வயிற்றுவலி, உறவினர் சாவு என்று சொல்லித்தான் ஆலையில் விடுப்பு எடுப்பேன். நேற்று சூப்பர்வைசர் அண்ணனிடம் போய், பிள்ளைக்காகச் சிகிச்சை எடுக்கிறோம், எனக்கும் சேர்த்துத்தான், செவ்வாயும் வெள்ளியும் விடுப்பு வேண்டும் என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நான் கதவருகே போனதும் மெல்ல அழைத்து, அந்த மருத்துவமனையில் எத்தனையாம் மாடிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அவருடைய மகனுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள்.