கவசக் கயிறு வசப்பட்டது

நாவலில் என்னை வெகுநாள் இழுத்தடித்த காட்சி எழுதி முடிந்தது. விடியலில் ஒரு ஸ்குவயர் (பணிவிடை செய்தபடி போர்த்தொழில் பழகும் பையன்) தன் நைட்டுக்கு (இடைக்கால ஐரோப்பியக் குதிரைவீரர்) கவசம் பூட்டுகிறான், நடப்பது அவ்வளவுதான். ஒரு முடிச்சு நழுவினாலும் எஜமானின் உயிர் போகும் என்பது அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்குத் தெரியும்.

வரிசையில் சிக்கல் இல்லை. நியூயார்க் மார்கன் நூலகத்திலுள்ள 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப்படி ஒன்று பாதத்தில் தொடங்கி, கால், மார்பு, கை என்று ஏறித் தலைக்கவசத்தில் முடிக்கிறது. என்னைப் படுத்தியது கவசத் துண்டுகளை உள்சட்டையோடு சேர்த்துக் கட்டும் கயிறு. குறுக்குவில் நாணுக்கான மெல்லிய நூலில் செய்து, செருப்புத் தைப்பவரின் மெழுகைப் பூச வேண்டும், அப்போதுதான் நீளாது, அறாது என்கிறது அதே ஏடு.

செய்தே பார்த்தேன். லினன் நூலை மூன்று புரியாக முறுக்கினேன். தடித்த பழைய சட்டையின் தோளில் துளையிட்டு, புஜக் கவசத்துக்குப் பதில் மணல் பையைக் கட்டிக் கையை வீசினேன். மெழுகில்லாத கயிறு சீக்கிரமே தளர்ந்து, பை முழங்கைக்கு இறங்கியது. மெழுகிட்டது அசையவே இல்லை! ஆனால் ஆறிய மெழுகு விறைத்துக்கொள்கிறது. விரலால் தேய்த்துச் சூடேற்றினால்தான் முடிச்சு இறுகுகிறது. காட்சிக்கு உயிர் வந்தது இங்கேதான்: என் பையன் இரவெல்லாம் கயிறுகளைச் சட்டைக்குள், மார்போடு வைத்துக்கொண்டு படுக்கிறான்.

மெழுகு வாங்கும்போது கவனம். தேன்மெழுகு என்று ஒரு கடையில் கொடுத்தது நகம் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது; தேனீ வளர்ப்பவரிடமே வாங்குங்கள். நூலை மெழுகுக் கட்டியின் மேல் வேகமாக இழுத்தால் உராயும் சூட்டில் மெழுகு உள்ளே இறங்கும் என்று காட்டிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர். அந்த இழுப்பு இல்லாவிட்டால் மெழுகு மேலோடு நின்றுவிடும்.

தலைக்கவசத்தை முதுகுப்பக்கம் இறுக்கும் இரட்டைக் கொக்கி இன்னும் பாக்கி. அதற்குள் மனம் ஈட்டிப் பயிற்சிக்கு ஓடுகிறது: சுழலும் கட்டையின் ஒரு முனையில் கேடயம், மறுமுனையில் மணல் மூட்டை, அடித்துவிட்டு விலகத் தாமதித்தால் முதுகில் அறை. இன்னொன்றும் உறுதி. போர்க்களக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோதான், அதுவும் உடலெங்கும் பரவிய எடை. என் நைட்டைக் குதிரைமேல் ஏற்றக் கப்பியும் கயிறும் வராது, அவரே ஏறிக்கொள்வார்.