கையில் என்ன இருந்தது

"அவன் கையில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும் ஐயா. எனக்குத் தெரியாதே."

இதைச் சொன்ன பயிற்சி உதவி ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. எதிர்த்துப் பேசுகிறோம் என்ற பயம்தான் முகத்தில் இருந்தது. மதிப்பெண் தாளில் அவருக்குத் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதிவிட்டு, காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். தாக்குதல் ஓய்ந்துவிட்டது, வண்டி நின்றுவிட்டது, ஆள் தனியாக நிற்கிறான், பின்வாங்கி மறைந்துகொள்ள உனக்கு ஜீப் இருந்தது, நீ பின்வாங்கவே இல்லை தம்பி என்றேன். அப்போதுதான் அந்தப் பதில் வந்தது. நான் "சரி, உட்காருங்க" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டேன்.

பயிற்சி இதுதான். கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றியவன் கீழே இறங்கி நிற்கிறான். கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோய்ச் சட்டென்று எதையோ எடுத்து நீட்டுகிறான். "சுடு, சுடு" என்று கத்துகிறான். எதிரே ஒற்றை அதிகாரி. அந்த இளைஞர் எச்சரித்தார், மறுபடி எச்சரித்தார், கை நீண்டதும் சுட்டார். நடித்தவர் கையில் இருந்தது கறுப்பு செல்போன். அதைக் கொடுத்தது நான். காலையில் இரண்டு பொருட்கள் மேசையில் இருந்தன, ஒரு பொம்மைத் துப்பாக்கியும் ஒரு செல்போனும். இன்றைக்கு இது என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் அதே ஆளுக்கு, அதே அசைவுகளுக்கு, முழு மதிப்பெண் போட்டிருப்பேனா? இல்லை, அப்போதும் பின்வாங்காததற்குக் குறைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குறைத்திருப்பேன்தான். ஆனால் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதியிருக்க மாட்டேன்.

இந்தப் பயிற்சியை நான் கற்பனையில் கட்டவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று டொரண்டோவில் யாங் தெரு நடைபாதையில் வாடகை வேனை ஏற்றி ஒருவன் பத்துப் பேரைக் கொன்றான். காயம்பட்ட ஒரு பெண் 2021இல் இறந்தார், அவரையும் சேர்த்துப் பதினொருவர். வேனுக்குப் பக்கத்தில் நின்றவனை எதிர்கொண்டவர் கான்ஸ்டபிள் கென் லாம். துப்பாக்கியை எடுப்பதுபோலக் கையை மறுபடி மறுபடி நீட்டிய அவன், என்னைக் கொல் என்றான், பையில் துப்பாக்கி இருக்கிறது என்றான். லாம் சுடவில்லை. இடையில் தன் காரின் சைரனை அணைத்தார். தன் குரல் அவனுக்குக் கேட்க வேண்டும், அவன் சொல்வது தனக்குக் கேட்க வேண்டும். ஒரு கட்டத்தில் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு லத்தியை எடுத்தார். அவன் தரையில் படுத்தான். அவன் நீட்டியது துப்பாக்கி அல்ல என்பது உலகத்துக்கு அப்புறம்தான் தெரியும். உயிரோடு பிடிபட்டவன் விசாரணையைச் சந்தித்தான். 2022இல் ஆயுள் தண்டனை, 25 ஆண்டுகளுக்குப் பரோல் கோர முடியாது.

இதன் வீடியோவை ஒவ்வொரு அணிக்கும் காட்டுகிறேன். சைரனை அணைத்ததைத்தான் அதிகம் பேசுவேன். பதற்றத்தில் இருப்பவன் கை அந்த சுவிட்சுக்குப் போகாது, அதற்கு நிதானம் வேண்டும். இதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

ஆனால் லாம் சரியாகத்தான் கணித்தார் என்று வகுப்பில் அடித்துச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அவன் கையில் நிஜத் துப்பாக்கி இருந்திருந்தால், அதே வீடியோவைச் 'செய்யக் கூடாதவை' பாடத்தில் காட்டிக்கொண்டிருப்பேன். குறிபார்த்து நிற்பவனைவிட, முடிவெடுத்துவிட்டுக் கையைத் தூக்குபவனே முந்திக்கொள்வான் என்பது எங்கள் வகுப்பில் முதல் வாரப் பாடம். அந்த இளைஞர் அந்தப் பாடத்தைத்தான் செய்து காட்டினார்.

அவருடைய வாதம் ஒன்றும் சாக்குப்போக்கு அல்ல. 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். போலீஸ்காரர் பயன்படுத்திய பலத்தை அந்த இடத்தில் நின்ற நியாயமான ஓர் அதிகாரியின் பார்வையில் எடைபோட வேண்டும், நடந்து முடிந்தபின் கிடைக்கும் தெளிவை வைத்து அல்ல. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நானே. எழுதிய அதே வாரத்தில், எனக்கு மட்டும் தெரிந்த செல்போனை வைத்து அவரைத் தோற்கடித்தேன். கேட்டால், பின்வாங்க இடமிருந்தும் பின்வாங்காதது அந்த நொடியிலேயே தெரிந்த விஷயம்தானே, அதற்குத்தான் மதிப்பெண் போனது என்பேன். இந்தப் பதிலை இன்றும் பாதி நம்புகிறேன்.

என்னோடு பயிற்சி தரும் ஆய்வாளருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "சுட்டவனை விசாரிக்க முறை இருக்கு. சுடாம செத்தவனை யார் விசாரிக்கிறா?" என்பார். முறை இருப்பது உண்மை. 2014இல், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வகுத்ததுதான் அது. போலீஸ் சுட்டு யாராவது இறந்தால் சி.ஐ.டி. அல்லது வேறொரு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது. அவர் இதைச் சுமையாகச் சொல்கிறார், நான் பாதுகாப்பாகச் சொல்கிறேன். பயிற்சியாளர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள் என்பது வேறு பிரச்சினை.

டொரண்டோவைப் பேசினால் யாராவது துக்காராம் ஓம்ப்ளேவைக் கொண்டுவருவார்கள், கொண்டுவரவும் வேண்டும். 2008 நவம்பர் 26 இரவு, மும்பை கிர்காவ் சௌபாட்டி. கையில் லத்தி மட்டும் வைத்திருந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர், பயங்கரவாதி கசாப்பின் ஏ.கே.47 குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். மற்றவர்கள் லத்தியால் அடித்து அவனைப் பிடித்தார்கள். அன்று வந்தவர்களில் உயிரோடு சிக்கியவன் அவன் ஒருவன்தான். யார் அனுப்பியது, எப்படி வந்தார்கள் என்பதற்கு அவன் வாக்குமூலம் முக்கியச் சாட்சியானது. வழக்கு நடந்து, 2012இல் தூக்கிலிடப்பட்டான். இதை 'நிதானத்துக்கு உதாரணம்' என்று பாடத்தில் சேர்க்கச் சொன்னபோது நான் மறுத்தேன். ஓம்ப்ளே சுடாமல் இருக்க முடிவெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? சுட அவரிடம் எதுவும் இல்லை. அதே காரில் இருந்த இன்னொருவன் போலீஸ் குண்டுபட்டுத்தான் செத்தான். லத்தியோடு அனுப்பியதையும் சேர்த்துப் பாடமாக்குவதாக இருந்தால் எனக்குச் சம்மதம் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

எதிர்ப்பக்க உதாரணங்களும் வகுப்பில் வரும். 2005 ஜூலை 22, லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையம். முந்தின நாள்தான் குண்டுவைக்கும் முயற்சி ஒன்று தோற்றிருந்தது. தற்கொலைப்படை ஆள் என்று நினைத்து ழான் சார்லஸ் டி மெனசிஸ் என்ற பிரேசில் இளைஞரை ரயிலுக்குள் தலையில் சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் குண்டு எதுவும் இல்லை. உடம்பில் குண்டு கட்டியவனுக்கு அவகாசம் கொடுத்தால் ரயிலே போகும் என்ற கணக்கு தப்பில்லை, ஆள்தான் தப்பு. 2022இல் டெக்சஸின் யுவால்டி பள்ளியில் நேர்மாறு. பள்ளிக்குள் புகுந்து சுட்டவனை போலீஸ் உள்ளே போய் வீழ்த்த 77 நிமிடம் ஆனது, 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். அங்கே தாமதித்ததை யாரும் நிதானம் என்று சொல்ல மாட்டார்கள். அவன் இன்னும் ஆபத்தாக இருந்தான், டொரண்டோக்காரன் இறங்கி நின்றுவிட்டான், வித்தியாசம் அதுதான் என்று சுலபமாகச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு, இறங்கி நிற்பவன் முடித்துவிட்டான் என்று எதை வைத்துத் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசிப்பேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்த அணி போன பிறகு ஒரு மாற்றம் செய்தேன். எந்தப் பொருளை எடுப்பது என்பது நடிப்பவர் இஷ்டம். எனக்கும் சொல்லக் கூடாது. அவர் பயிற்சி முடிந்து கையை விரிக்கும்போதுதான் நானும் பார்க்கிறேன். ஒழுங்காகச் செய்தால், அவர் கையை விரிப்பதற்கு முன்பே தாளில் மதிப்பெண்ணை எழுதி முடிக்க வேண்டும். பல தடவை பேனா காகிதத்தின் மேல் அப்படியே நிற்கிறது. பார்த்துவிட்டு எழுதலாமே என்று மனசு இழுக்கிறது.

டொரண்டோ வீடியோவையும் இப்போது அவன் கையை நீட்டும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன். என்ன செய்வீர்கள் என்று எழுதித் தரச் சொல்லி, தாள்களை வாங்கிய பிறகுதான் மீதியை ஓட்டுகிறேன். ஆய்வாளருக்கு இதில் உடன்பாடு இல்லை. முடிவு தெரியாமல் பார்த்தால் பிள்ளைகள் பயந்துபோவார்கள், பயந்தவன் சுடுவான் என்கிறார். 'சுடுவேன்' என்று எழுதிய தாள்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன என்பதும் உண்மை. அவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டுமா என்பதில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.