பாரிஸ் – லூர்து: வீதியை மறித்தால் எந்தப் பக்கம் திருப்புவது?

பாரிசின் புறநகரில் புதிதாகக் கார் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் தூரப் பயணம் லூர்து மாதாவிடம்தான். கிறிஸ்தவரா சைவரா என்ற கேள்வி இதில் பெரிதாக எழுவதில்லை. தூரம் ஏறத்தாழ 850 கிலோமீற்றர். தடையில்லாமல் ஓடினால் ஓய்வு நேரம் நீங்கலாக எட்டரை மணித்தியாலம் அளவில் போய்ச்சேரலாம். ஆனால் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குப் போகிறவர்கள், பிரெஞ்சுக்காரர் விடுமுறைக்குத் தெற்கே இறங்கும் அதே கிழமைகளில் அதே வீதியில் இறங்குகிறார்கள். எட்டரை மணித்தியாலம் பன்னிரண்டாக நீள்வது சாதாரணம். இந்தத் தாமதத்தில் பாதி வெளிக்கிடும் நாளைத் தெரிவு செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மற்றப் பாதி, வழியில் மஞ்சள் பலகையைக் கண்டதும் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாளைத் தெரிவு செய்யப் பார்க்க வேண்டியது பிசோன் ஃப்யூத்தே. 1976 முதல் இயங்கும் அரசின் வீதித் தகவல் சேவை இது. நெரிசல் நாட்காட்டியை நிறங்களால் முன்கூட்டியே சொல்லிவிடும்: பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கறுப்பு நாள் என்றால் மிக மோசம். போகும் திசைக்கு ஒரு நிறம், திரும்பும் திசைக்கு வேறு நிறம் இருக்கும். அவசரத்தில் மாற்றிப் பார்த்துவிடக் கூடாது. ஜூலை விடுமுறைக்காரர் திரும்ப, ஓகஸ்ட் விடுமுறைக்காரர் புறப்படும் அந்தச் சனிக்கிழமைதான் ஆண்டின் மிகக் கெட்ட நாட்களில் ஒன்று. ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு வந்ததும் திரும்பும் திசையும் சிவக்கத் தொடங்கும். நெரிசல் மிகுந்த சனிக்கிழமைகளில் உச்சம் நண்பகலை ஒட்டி வரும். ஆகவே சனிதான் போக வேண்டும் என்றால் விடியுமுன் பாரிசும் புறநகரும் அடங்கிய இல்-து-பிரான்ஸ் பகுதியைத் தாண்டிவிடுங்கள். தெரிவு உங்கள் கையில் என்றால் செவ்வாய், புதன் நல்லது. ஞாயிறு காலையும் மோசமில்லை: சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை 7.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் ஓடத் தடை. பழுதாகும் சரக்குகள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

இரவில் ஓடினால் நெரிசல் இல்லை என்று பலர் நள்ளிரவில் வெளிக்கிடுகிறார்கள். நெரிசல் இராது, உண்மை. ஆனால் பராமரிப்பு வேலைக்காக வீதியை மூடுவதும் அந்த நேரத்தில்தான். பாரிசைச் சுற்றி ஓடும் வளைய வீதியான பெரிஃபெரிக்கிலும் அதிலிருந்து பிரியும் நெடுஞ்சாலைகளிலும் திங்கள் முதல் வியாழன் வரையான இரவுகளில், ஒன்பது பத்து மணி தொடங்கி அதிகாலை ஐந்து வரை, ஒரு பகுதியாவது மூடியிருப்பது வழமை. பெரிய விடுமுறை நாட்களில் இந்த வேலைகளைப் பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். அறிவிப்புப் பலகையில் '12 முதல் 13 வரையான இரவு' என்று இருந்தால் ஒரே இரவுதான்: 12ஆம் திகதி இரவு தொடங்கி 13ஆம் திகதி விடிய முடியும். 13 அன்று இரவு தாராளமாகப் போகலாம்.

லா கூர்னெவ், போபினி, சார்செல் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் முடிச்சு பாரிசைச் சுற்றித் தெற்கே வருவது. பெரிஃபெரிக்கில் 2024 ஒக்டோபர் முதல் வேக எல்லை 50. உள்ளே நுழையும் வாகனத்துக்குத்தான் முன்னுரிமை. வலப்பக்க ஒழுங்கையில் ஓடிக்கொண்டு நுழைகிறவருக்கு இடம் விடாதிருந்தால் தவறு உங்களுடையது. 2025 மார்ச் முதல், வார நாட்களில் காலை 7 முதல் 10.30 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் மேலே வெள்ளை வைரக்குறி எரிந்தால் இடது ஓர ஒழுங்கை இருவர் அல்லது அதற்கு மேல் இருக்கும் கார்களுக்கு. குடும்பமாகப் போகிறவர்கள் பயப்படாமல் அதில் ஓடலாம். தனியே போனால் 135 யூரோ தண்டம்.

நெரிசலைத் தவிர்க்க போன் ஏ86 வளையத்தின் மேற்குப் பக்கத்தைக் காட்டும். ருவேய்-மல்மேசோனுக்கும் வெலிசிக்கும் இடையில் அது சுமார் 10 கிலோமீற்றர் நீளமான சுரங்கம். கட்டணம் உண்டு, அதைவிட முக்கியம், உயர எல்லை 2 மீற்றர். கூரையில் பெட்டி பூட்டிய கார்கள் பல அதற்குள் போக முடியாது. ஒன்பது இருக்கை வான்களும் பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டிவிடும். போனுக்கு உங்கள் வாகனத்தின் உயரம் தெரியாது. கூரைப் பெட்டியோடு சேர்த்து அளந்து, எண்ணைக் கடதாசியில் எழுதி முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவையுங்கள். மாற்றுப்பாதையில் தாழ்வான பாலம் வந்தாலும் அது உதவும்.

ஒர்லேயானுக்குப் பிறகு இரண்டு வழி. ஏ10 பிடித்து தூர், புவாத்தியே, போர்தோ. அல்லது ஏ71, பிறகு ஏ20 பிடித்து லிமோஜ், பிரீவ், தூலூஸ். ஏ20இல் வியெர்சோனிலிருந்து பிரீவ் வரை கட்டணமே இல்லை. மேடு பள்ளம் கூட, லிமோஜைக் கடக்கும்போது வேகம் குறையும், ஆனால் விடுமுறைக் கூட்டம் ஏ10 அளவுக்கு இராது. ஏ10இல் மூன்று இடங்களில் கழுத்து நெரியும்: தூர் நகரை ஊடறுக்கும் பகுதி, போர்தோவுக்கு முன்னுள்ள விர்சாக் பெயாஜ் (கட்டணச் சாவடி), போர்தோ வளைய வீதி. போர்தோவைக் காலை ஏழு முதல் ஒன்பதரைக்குள்ளும் மாலை நான்கு முதல் ஏழுக்குள்ளும் கடக்காதபடி கணக்குப் போடுங்கள். அதன் பிறகு லாங்கோனிலிருந்து போ வரை போகும் ஏ65 விலை கூடிய வீதி. அதனாலேயே வெறிச்சோடிக் கிடக்கும். கோடை நெரிசலில் எங்கள் தெரிவு ஏ20.

இனி மஞ்சள் பலகைகள். பிரான்சில் நீலப் பலகை நெடுஞ்சாலை, பச்சை பெரிய ஊர்களை இணைக்கும் வீதி, வெள்ளை உள்ளூர். தற்காலிகமானது எல்லாம் மஞ்சள். 'ரூத் பரே' என்றால் வீதி மூடியிருக்கிறது. ஓகஸ்ட் இறுதியை ஒட்டி பாரிசின் லா ஷப்பலில் பிள்ளையார் தேர் ஓடும் நாளில் கண்டிருப்பீர்கள். 'ரூத் பரே, 5 கிலோமீற்றர்' என்று தூரம் போட்டிருந்தால் மறிப்பு ஐந்தாவது கிலோமீற்றரில். உங்கள் தங்குமிடம் மூன்றாவது கிலோமீற்றரில் என்றால் திரும்பாமல் போகலாம். 'சோஃப் ரிவெரான்' என்றால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. குறுக்கு வழியாகப் புகுந்தால் பொலிஸ் தண்டம் எழுதலாம்.

'தெவியாசியோன்' என்ற அம்புக்குறி மாற்றுப்பாதையைக் காட்டும்; 'ஃபான் து தெவியாசியோன்' வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இடையில் ஒரு சந்தியில் அம்பு இல்லையென்றால் நீங்கள் ஓடும் வீதியிலேயே நேரே போங்கள். திரும்ப வேண்டிய இடத்தில்தான் பலகை வைப்பார்கள். சுற்றுவட்டத்தில் பலகையைத் தவறவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்றுவதில் வெட்கமில்லை. பலகையில் பி, எல் என்ற இரண்டு எழுத்து இருந்தால் அந்த மாற்றுப்பாதை லொறிகளுக்கானது. பாரம் தாங்கும் வீதிகளைத் தேடி அது நீளமாகச் சுற்றும். கார்க்காரர் அதன் பின்னால் போய் இருபது முப்பது கிலோமீற்றர் வீணாக ஓடுவது அடிக்கடி நடக்கிறது. காருக்கு வி, எல் என்று தனியாக இருக்கும், அல்லது எழுத்தே இராது.

நெடுஞ்சாலையே மூடப்பட்டால், மேலே மின்பலகையில் 'சோர்த்தி ஒப்லிகத்துவார்' என்று வரும்: எல்லாரும் கட்டாயம் இறங்க வேண்டும். அப்போது தேட வேண்டியது எஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் உள்ள பலகை. நெடுஞ்சாலை திடீரென மறிபட்டால் பயன்பட என்று நிரந்தரமாகவே நட்டுவைத்த மாற்றுவழி அது. அடுத்த நுழைவாயிலிலோ அதற்கடுத்ததிலோ உங்களைத் திரும்ப ஏற்றிவிடும். இந்த நேரத்தில்தான் போனுக்கும் பலகைக்கும் சண்டை வரும். மூடியது போனுக்கு எட்டியிராவிட்டால், இறங்கிய வாயிலிலேயே திரும்ப ஏறச் சொல்லும். எட்டியிருந்தால் வயலுக்கு நடுவே ஒற்றை வாகனம் போகும் பாதையைக் காட்டும். அதே பாதையை உங்களுக்கு முன்னால் இருநூறு பேருக்கும் காட்டியிருக்கும், எதிரே உழவு இயந்திரம் வந்தால் எல்லாரும் பின்னுக்கு எடுக்க வேண்டியதுதான். வீதி மூடியிருக்கும்போது பலகை சொல்வதைக் கேளுங்கள்.

மூடவில்லை, வெறும் நெரிசல்தான் என்றால் போனின் பேச்சைக் கேட்கலாம், ஆனால் பேரம் பேசிக் கேளுங்கள். வெளியே இறங்கினால் வேக எல்லை பெரும்பாலும் 80, சில மாவட்டங்களில் 90. சிவப்பு விளிம்புள்ள ஊர்ப்பெயர்ப் பலகை வந்ததும் தானாகவே 50, பள்ளிக்கூடம், கடைத்தெருப் பக்கம் 30. பத்து நிமிட லாபத்துக்காக இறங்கினால் இரண்டு சுற்றுவட்டத்திலேயே அது கரைந்துவிடும். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் இறங்கலாம்.

இறங்கிய பிறகு வீதி எண்ணை நம்பாதீர்கள். ஏ20க்குப் பக்கமாக ஓடும் பழைய தேசிய வீதி என்20இன் பெரும்பகுதியை 2006இல் மாவட்டங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே வீதி லுவாரேயில் டி2020, ஆந்த்ரில் டி920, லோத்தில் டி820. எண் மாறியதும் வழி தவறிவிட்டது என்று திருப்பிவிடக் கூடாது. அடுத்த பெரிய ஊரின் பெயரை மனதில் வைத்து அதைத் தேடிப் போங்கள்: ஷத்தோரு, லிமோஜ், பிரீவ், கஓர். அந்தப் பெயரைக் காணாவிட்டால் 'தூத் திரெக்சியோன்' (எல்லாத் திசைகளும்) என்ற பலகை உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

சிற்றூர்களில் இன்னொரு கவனம். முன்னுரிமைக் குறி எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை, அவர் சின்ன ஒழுங்கையிலிருந்து வந்தாலும். இலங்கையில் ஓடிப் பழகிய கண் பெரிய வீதிக்கே முன்னுரிமை என்று எடுத்துக்கொள்ளும். விபத்து நடப்பது அங்கேதான்.

வீதி வேலை நடக்கும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் தற்காலிக விளக்கு வைப்பார்கள். அதில் பச்சை இராமல் போகலாம். பச்சைக்குப் பதில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கவனமாகப் போகலாம் என்று அர்த்தம். பச்சை வரும் என்று காத்து நின்றால் பின்னால் ஹோர்ன் கச்சேரிதான். நெடுஞ்சாலை வேலைப் பகுதிகளில் ஒழுங்கைகள் ஒடுங்கும். இடது ஒழுங்கைக்கு அகல எல்லை போட்டிருந்தால் வான்காரர் வலதில் நிற்பது நல்லது. தற்காலிக வேகக் கமராக்களை இங்கேதான் கொண்டுவந்து வைப்பார்கள்.

நெரிசலின் வாலை அடையும்போது அபாய விளக்குகளைப் போடுங்கள். வரிசையில் கடைசியாக நிற்பவர் போட வேண்டும் என்பது சட்டம். பின்னால் இன்னொருவர் வந்து சேர்ந்ததும் அணைக்கலாம். பண்ட் தாரே துர்ஜான்ஸ் எனப்படும், அவசரத்துக்கு மட்டும் நிற்கும் ஓர ஒழுங்கையில் ஓடினால் 135 யூரோவும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளியும் போகும். கையில் போன் பிடித்தாலும் அதே தண்டனை, ஊர்ந்து நகரும் நெரிசலிலும். இடது ஓரத்து இரண்டு ஒழுங்கைகளுக்கு நடுவில் மோட்டார் சைக்கிள்கள் வரும். 2025 ஜனவரி முதல் நாடு முழுவதும் அது அனுமதிக்கப்பட்டது. கொஞ்சம் ஒதுங்கிக் கொடுங்கள். வானொலியில் 107.7 வைத்தால் கட்டண நெடுஞ்சாலை எதில் ஓடினாலும் அந்தப் பகுதி நிலவரம் வரும். பிரெஞ்சு முழுதும் விளங்காவிட்டாலும் பூஷோன் (நெரிசல்) என்ற சொல்லும் வீதி எண்ணும் ஊர்ப்பெயரும் காதில் விழுந்தால் போதும்.

கார் நின்றுவிட்டால் ஒளிரும் மேலங்கியை உள்ளேயே போட்டுக்கொண்டு வலப்பக்கக் கதவால் இறங்கி, எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போக வேண்டும். மேலங்கி டிக்கிக்குள் சூட்கேசுக்கு அடியில் இருந்தால் பயனில்லை. சுமார் இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாக நிற்கும் செம்மஞ்சள் தொலைபேசி உங்கள் இடத்தைத் தானே தெரிவிக்கும், அல்லது 112. நெடுஞ்சாலையில் உங்கள் காப்புறுதிக் கம்பனியோ தெரிந்த மெக்கானிக்கோ வந்து இழுக்க முடியாது. அனுமதி பெற்ற இழுவை வண்டி மட்டுமே வரும். அதன் கட்டணம் அரசு நிர்ணயித்தது. சிட்டையை வாங்கி வைத்துக் காப்புறுதியிடம் பிறகு கேளுங்கள்.

பெயாஜில் பச்சை அம்பு எரியும் ஒழுங்கையே எல்லாருக்கும் பொது. செம்மஞ்சள் எழுத்து மட்டும் இருந்தால் அது தானாகக் கட்டணம் கட்டும் கருவியைக் காரில் பொருத்தியவர்களுக்கு. தவறிப் புகுந்தால் பின்னுக்கு எடுக்கக் கூடாது. உதவிப் பொத்தானை அழுத்துங்கள். நெடுஞ்சாலை மூடி நடுவழியில் இறக்கினால் அதுவரை ஓடிய தூரத்துக்குக் கட்டி, ஏறும்போது புதுச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டைத் தொலைத்தால் மிக நீண்ட தூரத்துக்கான காசைக் கேட்பார்கள். ஒரேயொருவர் பொறுப்பில் அதை வையுங்கள்.

மாற்றுப்பாதையில் எண்ணெய் முடிவது இன்னொரு தலையிடி. பாதிக்குக் கீழே போகுமுன் நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புறத்தில் பல்பொருள் அங்காடிகளின் எண்ணெய் நிலையங்களில் ஆள் இராது. அட்டையால் மட்டுமே வேலை நடக்கும். இயந்திரம் நூறு யூரோவுக்கு மேல் முன்கூட்டியே ஒதுக்கிப் பார்ப்பதால், கணக்கில் நாற்பது யூரோ மட்டும் இருந்தால் இருபதுக்கு அடிக்கவும் விடாமல் போகலாம்.

திரும்பும்போது ஏ10இல் வருகிறவர்களுக்குப் பெரிய தடை சான்-ஆர்னூல் பெயாஜ். போகும்போது அங்கே சீட்டை இழுத்துக்கொண்டு போய்விடலாம். திரும்பும்போது காசு கட்ட வேண்டும், அதனால் வரிசை நீளும். ஞாயிறு பின்னேரம் நான்கு முதல் ஒன்பது வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒர்லேயானுக்கு முன் ஏதாவது ஓய்விடத்தில் நிறுத்திச் சாப்பிட்டு, பிள்ளைகளை ஓடவிட்டு, ஒன்பதரைக்குப் பிறகு ஏறுங்கள். பத்து மணிக்கு லொறிகள் இறங்கிவிடும், அவை வலது ஒழுங்கையில் நிற்கும். திங்கள் லீவு எடுக்க முடிந்தால் பிற்பகலில் பாரிசை எட்டும்படி வெளிக்கிடுங்கள். திங்கள் காலை பத்து மணிக்கு முன் வந்தால் வேலைக்குப் போகிற கூட்டத்தில் மாட்டுவீர்கள்.